திரவ எரிபொருளும் காற்றும்: எரிபொருள் மின்கலம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் எரிபொருள் மின்கலங்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. தமிழ்மொழி மாதம் வந்தால் சமூக மன்ற நிகழ்ச்சிகளுக்கு, மெத்தனால் என்ற ஆல்கஹால் திரவத்தால் இயங்கும், உள்ளங்கையளவே உள்ள ஒரு மின்கலத்தை எடுத்துச்சென்று, அதனால் ஒரு சிறு விசிறி சுற்றுவதைக் காட்டுவேன். பார்ப்பவர்கள் பள்ளி மாணவர்களானாலும் ஓய்வுபெற்ற கப்பல் பட்டறைப் பொறியாளர்களானாலும், கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்குத் தொகுத்திருக்கிறேன்.

இதுவும் பேட்டரிதானே? வேறு பெயர் எதற்கு?

பேட்டரிக்குள் இருக்கும் பொருள்களே மாறி மின்சாரம் தருகின்றன; அவை மாறி முடிந்ததும் மின்னேற்றம் செய்தாக வேண்டும். எரிபொருள் மின்கலத்திலோ வினை நடக்கும் இடம் மட்டுமே உள்ளே இருக்கிறது. எரிபொருள் ஒரு பக்கத்திலிருந்தும், காற்றிலுள்ள ஆக்சிஜன் மறுபக்கத்திலிருந்தும் வந்துகொண்டே இருக்கும் வரை மின்சாரமும் வந்துகொண்டே இருக்கும். பேட்டரியைத் தண்ணீர்க் குடம் என்று கொண்டால், இதை அடுப்பு என்று கொள்ளலாம்: அடுப்பு தானாகத் தீர்ந்துபோவதில்லை, விறகுதான் தீர்கிறது.

கருத்து புதியதன்று. வில்லியம் குரோவ் 1839இலேயே ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கொண்டு இப்படி மின்சாரம் எடுத்துக் காட்டினார். 1960களில் விண்வெளிக் கலங்களில் ஹைட்ரஜன் மின்கலங்கள் பயன்பட்டன. திரவத்தை நேரடியாக ஊற்றி இயக்கும் கலத்தைக் கையடக்கமாகவும் நீடித்து உழைப்பதாகவும் ஆக்குவதுதான் இன்னும் முழுமையாகக் கைகூடாத வேலை.

நெருப்பே இல்லாமல் எரிபொருளிலிருந்து எப்படி மின்சாரம் வரும்?

மெத்தனாலைக் கொளுத்தினால், அது ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறி, ஆற்றல் முழுவதையும் வெப்பமாகக் கொட்டிவிடும். மின்கலத்திலும் தொடக்கப் பொருள்களும் இறுதிப் பொருள்களும் அவையேதான். ஆனால் மெத்தனாலும் ஆக்சிஜனும் ஒன்றையொன்று தொடுவதற்கு விடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே காகிதத்தைப் போன்ற மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. எரிபொருள் பக்கத்தில், வினையூக்கியின் மேல் ஒரு மெத்தனால் மூலக்கூறும் ஒரு நீர் மூலக்கூறும் சேர்ந்து ஒரு கரியமில வாயு மூலக்கூறையும் ஆறு புரோட்டான்களையும் ஆறு எலக்ட்ரான்களையும் தருகின்றன.

சவ்வு புரோட்டான்களைக் கடக்க விடுகிறது, எலக்ட்ரான்களை விடுவதில்லை. எலக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியாகச் சுற்றி வந்தாக வேண்டும். அப்படிச் சுற்றி வருவதே நமக்குக் கிடைக்கும் மின்னோட்டம். காற்றுப் பக்கத்தில் இரண்டும் ஆக்சிஜனோடு மீண்டும் சேர்ந்து நீராகின்றன. நான் கொண்டுவரும் கலத்தின் எரிபொருள் பக்கம் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக்கால் ஆனது. விசிறியை இணைத்த சற்று நேரத்தில், சோடாவில் எழுவதைப் போன்ற நுண்குமிழிகள் அந்தப் பக்கத்துச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றாகப் பெருத்து மேலே போவதைக் காணலாம். அவை அனைத்தும் கரியமில வாயு. இணைப்பை எடுத்துவிட்டால் குமிழிகள் அடங்கிவிடும். எந்த விளக்கத்தையும்விட இந்தக் காட்சிதான் பலருக்குப் புரிய வைத்திருக்கிறது.

பாடநூலில் நேர்மின்வாயில் ஆக்சிஜனேற்றம் என்று படித்தோம். இங்கே அது எதிர்க்குறியாக இருக்கிறதே?

இது தமிழில் படித்தவர்களுக்கே உரிய குழப்பம். கேட்பவர்கள் பாடத்தைச் சரியாகவே படித்தவர்கள். ஆக்சிஜனேற்றம் நடக்கும் மின்வாயே ஆனோடு; நம் கலத்தில் அது எரிபொருள் பக்கம். ஆனோடு என்பதை நேர்மின்வாய் என்று மொழிபெயர்த்தது, மின்சாரத்தைச் செலுத்திப் பொருளைப் பிரிக்கும் மின்னாற்பகுப்புக்குப் பொருந்தும். மின்சாரத்தை உண்டாக்கும் கலத்திலோ ஆனோடு எலக்ட்ரான்களை வெளியே அனுப்புவதால் எதிர்மின் தன்மை பெறுகிறது. ஆகவே நான் இந்தப் பக்கம் முழுவதும் “எரிபொருள் பக்கம்”, “காற்றுப் பக்கம்” என்றே எழுதுகிறேன்.

ஹைட்ரஜன்தான் எதிர்காலம் என்கிறார்கள். அப்படியிருக்க, திரவம் எதற்கு?

எடையை வைத்துப் பார்த்தால் ஹைட்ரஜனுக்கு ஈடில்லை. ஒரு கிலோவில் சுமார் 33 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. ஆனால் அது வாயு. அதை 700 மடங்கு காற்றழுத்தத்தில் அடைத்தாலும் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 1.3 கிலோவாட் மணிதான் அடங்கும். அதற்கும் கனத்த உருளை வேண்டும். திரவமாக்கவோ மைனஸ் 253 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். மெத்தனால் சாதாரண வெப்பநிலையில், சாதாரண பிளாஸ்டிக் கலனில் ஒரு லிட்டருக்குச் சுமார் 4.4 கிலோவாட் மணியைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

சிங்கப்பூர் தன் தேசிய ஹைட்ரஜன் உத்தியை 2022 அக்டோபரில் வெளியிட்டது. 2050க்குள் மின்தேவையில் பாதி வரை ஹைட்ரஜனால் நிறைவேற்றப்படலாம் என்று அதில் சொல்லப்பட்டது. நிலப்பரப்பு குறைந்த, எரிபொருளுக்கு வெளிநாடுகளையே நம்பியிருக்கிற நாட்டில், அந்த ஹைட்ரஜன் எந்த வடிவில் வந்து இறங்கும், எங்கே சேமிக்கப்படும் என்பதே முதல் கேள்வி. மெத்தனால், அம்மோனியா போன்றவற்றின் மீது இங்கு இவ்வளவு கவனம் இருப்பதற்கு அதுவே காரணம்.

பெட்ரோலையோ எத்தனாலையோ ஊற்றக் கூடாதா?

மெத்தனால் மூலக்கூறில் ஒரே ஒரு கார்பன் அணுதான் இருக்கிறது. ஆகவே கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே உடைக்க வேண்டிய பிணைப்பே இல்லை. எத்தனாலில் அப்படி ஒரு பிணைப்பு உண்டு. முழுவதுமாக வினைபுரிந்தால் பன்னிரண்டு எலக்ட்ரான்கள் கிடைக்க வேண்டும். ஆனால் நூறு பாகைக்குக் குறைந்த வெப்பநிலையில் அந்தப் பிணைப்பு எளிதில் உடைவதில்லை. வினை பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தோடு நின்றுவிட, நான்கு எலக்ட்ரான்களே கிடைக்கின்றன. எத்தனால் ஊற்றிய கலத்தின் கழிவு நீரை முகர்ந்தால் வினிகர் வாடை அடிப்பது இதனால்தான்.

பெட்ரோலும் டீசலும் இன்னும் நீண்ட கார்பன் சங்கிலிகள் கொண்டவை, கந்தகமும் கலந்திருக்கும். அவற்றை 700 பாகைக்கு மேல் இயங்கும் திண்ம ஆக்சைடு மின்கலங்களில் (சவ்வுக்குப் பதில் பீங்கான் போன்ற அடுக்கு கொண்டவை) பயன்படுத்த முயல்கிறார்கள். அங்கும் கரி படிவது பெரும் தொல்லை. ஃபார்மிக் அமிலம் இன்னொரு வழி. அது சவ்வை எளிதில் கடப்பதில்லை, பல்லேடியத்தில் விரைவாக வினைபுரிகிறது. ஆனால் மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டே எலக்ட்ரான்கள்.

ஒரு லிட்டர் மெத்தனாலில் உண்மையில் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம்?

இதற்குக் கணக்கையே போட்டுக் காட்டுவது நல்லது. ஒரு லிட்டர் மெத்தனாலின் எடை 790 கிராம். அதில் கிட்டத்தட்ட 24.7 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) உண்டு. மோலுக்கு ஆறு எலக்ட்ரான் என்று பெருக்கினால் ஏறத்தாழ 3,970 ஆம்பியர் மணி மின்னூட்டம் வருகிறது. கோட்பாட்டின்படி ஒரு கலத்தின் மின்னழுத்தம் 1.21 வோல்ட். நடைமுறையில், மின்னோட்டம் எடுக்கும்போது 0.4 வோல்ட் கிடைத்தாலே மனநிறைவு கொள்கிறோம். மீதி வெப்பமாகப் போகிறது. எரிபொருளிலும் ஒரு பகுதி சவ்வு வழியே வீணாகிறது. பம்புக்கும் விசிறிக்கும் கொஞ்சம் மின்சாரம் செலவாகிறது.

இவற்றையெல்லாம் கழித்தால், சந்தையில் உள்ள நல்ல கருவிகள் ஒரு லிட்டருக்கு 1.1 கிலோவாட் மணி அளவில் தருகின்றன. மெத்தனாலில் உள்ள ஆற்றலில் இது நான்கில் ஒரு பங்குதான். ஆனாலும் 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதப்பட்ட மின்வங்கிகள் பதினைந்தில் அடங்குவதை ஒரு லிட்டர் பாட்டில் தந்துவிடுகிறது. அத்துடன், தீர்ந்ததும் மணிக்கணக்கில் காத்திருக்காமல் பாட்டிலை மாற்றிவிடலாம்.

இவ்வளவு நல்லது என்றால் என் கைத்தொலைபேசியில் ஏன் இன்னும் வரவில்லை, அண்ணே?

ஆற்றல் வேறு, திறன் வேறு என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு சேமிக்க முடியும் என்பதில் மெத்தனால் வெல்கிறது. எவ்வளவு விரைவாக எடுக்க முடியும் என்பதில் தோற்கிறது. பம்பும் விசிறியும் இல்லாத எளிய கலம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 30 மில்லிவாட் தரும். பத்து வாட் வேகத்தில் தொலைபேசிக்கு மின்னேற்றம் செய்ய வேண்டுமானால் 400 சதுர சென்டிமீட்டர் சவ்வு வேண்டும். தொலைபேசியின் முகப்பைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு பரப்பு அது.

தொஷிபா நிறுவனம் 2009இல் டைனாரியோ என்ற கையடக்க மெத்தனால் மின்னேற்றியை ஜப்பானில் 3,000 எண்ணிக்கையில் மட்டும் விற்றது. அதன் கலனில் 14 மில்லி லிட்டர் பிடிக்கும். அதைக் கொண்டு கைத்தொலைபேசிக்கு இருமுறை மின்னேற்றம் செய்யலாம். திறன் குறைவை ஈடுகட்ட அதற்குள்ளேயே ஒரு லித்தியம் பேட்டரியும் வைக்கப்பட்டிருந்தது. அதன் விலை 29,800 யென். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் லித்தியம் பேட்டரி விலை மளமளவென இறங்கிவிட்டதால், சட்டைப்பையில் வைக்கும் கருவிகளில் மெத்தனாலுக்கு இடமில்லாமல் போனது என்பதே என் கணிப்பு. மின்கம்பி எட்டாத கண்காணிப்பு நிலையங்கள், முகாம் வண்டிகள், படகுகள், ராணுவப் பயன்பாடு ஆகியவற்றில் அதற்கு நிலையான இடம் உண்டு. ஜெர்மனியின் எஸ்எஃப்சி எனர்ஜி நிறுவனம் இத்தகைய கருவிகளைப் பல ஆண்டுகளாக விற்றுவருகிறது.

தண்ணீர் கலக்காமல் சுத்த மெத்தனாலை ஊற்றினால் இன்னும் நன்றாக ஓடுமல்லவா?

ஓடாது. இந்தத் துறையின் முழுச் சிக்கலும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. பெரும்பாலான கலங்களில் இருப்பது நாஃபியான் என்ற சவ்வு. 1960களில் டூபான்ட் நிறுவனத்தில் உருவானது. நீரில் நனைந்திருந்தால்தான் அது புரோட்டான்களைக் கடத்தும். நீரில் நன்றாகக் கலக்கும் மெத்தனாலும் அந்த ஈர வழிகளிலேயே காற்றுப் பக்கத்துக்குக் கசிந்துவிடுகிறது. அங்கே போனதும் அது ஆக்சிஜனோடு நேரடியாக வினைபுரிகிறது. இதனால் எரிபொருள் வீணாவது ஒரு நட்டம்; காற்றுப் பக்கத்தின் மின்னழுத்தம் விழுவது அதைவிடப் பெரிய நட்டம்.

ஒருமுறை நிகழ்ச்சிக்கு அவசரமாகக் கிளம்பியபோது, நீர்த்த கரைசலுக்குப் பதிலாகச் செறிந்த கரைசல் இருந்த பாட்டிலை எடுத்துச்சென்றுவிட்டேன். விசிறி வேகமாகத் தொடங்கி, சில நிமிடங்களில் தளர்ந்து நின்றது. கலத்தைத் தொட்டால் சூடாக இருந்தது. மின்சாரமாக வர வேண்டியது வெப்பமாக வந்துகொண்டிருந்தது. வெறும் நீரால் பலமுறை அலசிய பிறகே அது பழைய நிலைக்குத் திரும்பியது. அதனால்தான் கலத்துக்குள் போவது நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு மெத்தனால் கலந்த நீர் மட்டுமே. நல்ல கருவிகள் சுத்த மெத்தனாலைத் தனிக் கலனில் வைத்துக்கொண்டு, தேவைக்கேற்பச் சொட்டுச் சொட்டாகக் கலந்துகொள்கின்றன.

கலப்பதற்கு நீரையும் சுமக்க வேண்டுமானால், ஒரு லிட்டர் கணக்கு பொய்யாகிவிடாதா?

கூர்மையான கேள்வி. எரிபொருள் பக்கத்தில் ஒரு நீர் மூலக்கூறு செலவாகிறது. காற்றுப் பக்கத்தில் மூன்று உண்டாகின்றன. ஆக, கணக்குப்படி நீர் மிச்சமே. ஆனால் சவ்வைக் கடக்கும் ஒவ்வொரு புரோட்டானும் இரண்டு, மூன்று நீர் மூலக்கூறுகளைக் கூடவே இழுத்துச் செல்கிறது. ஒரு மெத்தனாலுக்கு ஆறு புரோட்டான் என்பதால் பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை மறுபக்கம் போய்விடுகின்றன. அந்த நீரைக் காற்றுப் பக்கத்தின் வெளியேற்றத்திலிருந்து குளிர்வித்துப் பிடித்து, மீண்டும் எரிபொருள் பக்கத்துக்குத் திருப்பினால்தான் சுத்த மெத்தனாலை மட்டும் சுமந்து செல்ல முடியும்.

அப்படியானால் சிங்கப்பூரின் வெக்கையும் ஈரப்பதமும் இதற்கு நல்லதா கெட்டதா?

இரண்டும்தான். குளிர்நாடுகளில் கலத்துக்குள் நீர் உறைந்துவிடாமல் காக்கப் பாடுபடுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, சவ்வும் எளிதில் காய்வதில்லை. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன நீர் மீட்பை நினைத்துப் பாருங்கள். வெளிக்காற்றே 32 பாகையில் இருக்கும்போது, வெளியேறும் ஆவியைக் குளிரவைத்து நீராக்குவதற்குப் பெரிய குளிர்விப்பானும் கூடுதல் விசிறி ஆற்றலும் வேண்டும். கருவியைக் காற்றோட்டமில்லாத தகரப் பெட்டிக்குள் வெயிலில் வைத்தால் உள்வெப்பம் நாற்பதைத் தாண்டி, நீர் இருப்பு மெல்லக் குறையத் தொடங்கும். ஈரப்பதம் மிகுந்த காற்றில், காற்றுப் பக்கத் துளைகளை நீர்த்துளிகள் அடைத்துக்கொள்வதும் உண்டு. விசிறி விட்டுவிட்டுச் சுற்றினால் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

காற்றின் தூய்மையும் முக்கியம். கடலோர உப்பும் கந்தக டையாக்சைடும், வினையூக்கியாக உள்ள பிளாட்டினத்துக்குக் கேடு. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு 401ஐத் தொட்டது பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய புகைமூட்ட நாளில் வடிகட்டி இல்லாமல் ஒரு கலத்தை வெளியே இயக்க நான் துணிய மாட்டேன்.

பிளாட்டினம் இல்லாமல் செய்ய முடியாதா?

விலைக்குக் காரணம் அதுதான். ஹைட்ரஜன் கலங்களில் சதுர சென்டிமீட்டருக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவாகப் போதும். மெத்தனால் கலங்களில் இரண்டு முதல் நான்கு மில்லிகிராம் வரை பூசுகிறார்கள். மெத்தனால் படிப்படியாக உடையும்போது இடையில் கார்பன் மோனாக்சைடு உண்டாகி, பிளாட்டினத்தின் மேல் பசைபோல் ஒட்டிக்கொண்டு அடுத்த மூலக்கூறுக்கு இடம் விடாமல் செய்கிறது. ருத்தேனியத்தைச் சேர்த்தால், அது நீரிலிருந்து ஆக்சிஜனைப் பிடித்துக் கொடுத்து ஒட்டியதைக் கரியமில வாயுவாக மாற்றி அனுப்பிவிடும். ஆனால் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடும்போது ருத்தேனியம் சிறிது சிறிதாகக் கரைந்து, சவ்வைக் கடந்து காற்றுப் பக்கத்தில் படிந்து அங்கேயும் கெடுக்கிறது.

காரச் சவ்வுகளைப் பயன்படுத்தினால் நிக்கல், வெள்ளி போன்ற மலிவான உலோகங்களுக்கு வழி உண்டு. ஆனால் வினையில் உண்டாகும் கரியமில வாயு காரத்தோடு சேர்ந்து கார்பனேட் ஆகிவிடுவதால் கடத்துதிறன் குறைகிறது. இதற்குத் தீர்வு காண்பவர் இந்தத் துறையின் கணக்கையே மாற்றிவிடுவார் என்று உறுதியாக நம்புகிறேன்.

மெத்தனால் விஷமாயிற்றே, வீட்டில் வைக்கலாமா?

விஷமேதான், இதில் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. பத்து மில்லி லிட்டர் அளவே பார்வையைப் பறிக்கக்கூடும். யாராவது விழுங்கிவிட்டால், நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் காத்திருக்காமல் 995ஐ (சிங்கப்பூரின் அவசர மருத்துவ எண்) அழைக்க வேண்டும், ஏனெனில் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தெரியக்கூடும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பது இன்னோர் ஆபத்து. மூடி முத்திரையிட்ட கலன்களில், திறக்காமல் செருகும்படி விற்பதே முறை. குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதை எக்காலத்திலும் செய்யாதீர்கள்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

அனைத்துலக விதிகளின்படி, உரிய தரச்சான்று பெற்ற கையடக்க எரிபொருள் மின்கலத்தைக் கைப்பையில் கொண்டுசெல்லலாம். திரவக் கலன் 200 மில்லி லிட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும், உபரிக் கலன்கள் இரண்டுக்கு மேல் கூடாது, விமானத்துக்குள் எரிபொருள் நிரப்பக் கூடாது. புறப்படும் முன் விமான நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் துறைமுகத்தில் கப்பலுக்கு மெத்தனால் நிரப்பினார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. 2023 ஜூலை 27 அன்று சிங்கப்பூரில் கொள்கலன் கப்பல் ஒன்றுக்குச் சுமார் 300 டன் உயிரி மெத்தனால் நிரப்பப்பட்டது. பின்னர் அக்கப்பலுக்கு லாரா மெர்ஸ்க் என்று பெயர் சூட்டினார்கள். அதில் மெத்தனால் என்ஜினுக்குள் எரிகிறது. எரிபொருள் ஒன்றுதான், ஆற்றலாக மாற்றும் வழி வேறு.

நம் கடற்படையின் ‘இன்வின்சிபிள்’ வகை நீர்மூழ்கிகளில் எரிபொருள் மின்கலம் உண்டு. ஆனால் நீருக்கடியில் காற்று இல்லாததால், ஆக்சிஜனையும் சேர்த்தே சுமந்து செல்கின்றன. அது இந்தப் பக்கத்தின் பொருளுக்கு வெளியே நிற்கிறது.

கார், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஆகியவற்றுக்கு இது வருமா?

முன்பு போட்ட கணக்கை வைத்தே பாருங்கள். மாதம் 300 யூனிட் (கிலோவாட் மணி) செலவாகும் வீட்டுக்கு 270 லிட்டருக்கு மேல் மெத்தனால் வேண்டும்; மின்கட்டமைப்பு வாசல் வரை வந்திருக்கும்போது இதற்குத் தேவையே இல்லை. காரில் நேரடி மெத்தனால் கலம் திறன் போதாமல் திணறும். அங்கே வேறு வழிகளை நாடுகிறார்கள். ஒன்று, மெத்தனாலை 200 முதல் 300 பாகையில் நீராவியோடு சேர்த்து ஹைட்ரஜனாக்கி, 160 பாகைக்கு மேல் இயங்கும் பாஸ்பாரிக் அமிலச் சவ்வில் செலுத்துவது. அந்த வெப்பத்தில் கார்பன் மோனாக்சைடு எளிதில் ஒட்டாது. இன்னொன்று, நிசான் 2016இல் பிரேசிலில் காட்டியது: எத்தனாலில் இயங்கும் ஐந்து கிலோவாட் திண்ம ஆக்சைடு கலம் பேட்டரிக்கு மின்னேற்றிக்கொண்டே இருக்க, முப்பது லிட்டர் கலனைக் கொண்டு 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று அறிவித்தார்கள்.

கரியமில வாயு வெளியேறுகிறது என்று நீங்களே காட்டினீர்கள். பிறகு எப்படி இது பசுமை?

மெத்தனால் எதிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. ஒரு லிட்டர் மெத்தனால் ஏறத்தாழ 1.1 கிலோ கரியமில வாயுவைத் தரும், கிடைப்பதும் 1.1 கிலோவாட் மணி என்பதால், யூனிட்டுக்கு ஒரு கிலோ ஆகிறது. பெரிதும் இயற்கை எரிவாயுவில் இயங்கும் சிங்கப்பூர் மின்கட்டமைப்பிலோ யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோதான். ஆக, எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ எடுத்த மெத்தனாலைக் கொண்டு சுவர்ச் செருகியின் மின்சாரத்தைப் பதிலீடு செய்வது சூழலுக்குத் தீங்கே. சிறு டீசல் மின்னாக்கியோடு ஒப்பிட்டால் அளவு கிட்டத்தட்டச் சமம்; ஆனால் புகைக்கரியும் இரைச்சலும் இல்லை.

நிலைமை மாறுவது, காற்றிலிருந்தோ தாவரக் கழிவிலிருந்தோ வந்த கார்பனைக் கொண்டு மெத்தனால் செய்யும்போதுதான். நோபெல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஜார்ஜ் ஓலா பல்லாண்டுகள் வலியுறுத்திய கருத்து இது; அவரும் சூர்ய பிரகாஷும் நேரடி மெத்தனால் கலத்தின் வளர்ச்சியிலும் பங்காற்றியவர்கள். ஐஸ்லாந்தில் 2012இல் தொடங்கிய, ஓலாவின் பெயர் தாங்கிய ஆலை, புவிவெப்ப நிலையத்தின் கரியமில வாயுவிலிருந்து மெத்தனால் தயாரித்துக் காட்டியது.

என் மகள் இதில் ஆய்வு செய்ய ஆசைப்படுகிறாள். எங்கிருந்து தொடங்கச் சொல்லலாம்?

புதிய வினையூக்கியைத் தேடுவதில்தான் எல்லாருக்கும் ஆர்வம். அதைவிட, ஒரு கலம் எப்படி மெல்லக் கெடுகிறது என்று பொறுமையாக அளப்பவர்கள் தேவை என்பது என் கருத்து. முதல் நாளில் அழகான எண் காட்டிய பல கலங்கள், மாதக்கணக்கில் ஓடியபின் எப்படி இருந்தன என்பதே பயனுக்கு வரும் செய்தி.

பள்ளிகளுக்கென விற்கும் சிறு மெத்தனால் கலம் ஒன்று போதும். ஆசிரியர் துணையோடு, பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஒரே செறிவுள்ள கரைசலை ஊற்றி, ஒரே மின்தடையை இணைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் மின்னழுத்தத்தைக் குறித்துவரச் சொல்லுங்கள். நூறு மணி நேரம் கழித்துக் கோடு சரியத் தொடங்கும்போது, காரணம் நீர் அடைப்பா, சவ்வுக் கசிவா, வினையூக்கியா என்று அவளே பிரித்தறிய முயலட்டும். உலர்ந்த காற்றை ஊதியதும் கோடு நிமிர்ந்தால் அது நீர் அடைப்பு. கரைசலை மேலும் நீர்த்ததும் நிமிர்ந்தால் கசிவு என்று ஐயப்படலாம். இரண்டுக்கும் அசையாவிட்டால் அவள் பிளாட்டினத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்க வேண்டியிருக்கும்.